வெளிநாட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால்: சென்னையின் புது கேம் டெவலப்பர்களுக்கு

உங்கள் கேம் மீது வெளிநாட்டிலிருந்து ஒரு சட்டப் புகார் வந்தால், அந்த மெயில் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். அமெரிக்க மேற்குக் கரையில் கோடைக்காலக் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. அங்கே ஒருவர் அன்றைய முதல் வேலையாக அனுப்பும் கடிதம், இங்கே நாம் படுக்கப் போகும் நேரத்தில் போனில் வந்து நிற்கும்.

எங்களுக்கு வந்தது 2022 ஆடிப்பெருக்கு அன்று இரவு. வேளச்சேரியில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் இரண்டு வருடம் உழைத்துச் செய்த கோலப் புதிர் கேம் அது. பதிப்புரிமைப் புகார் வந்ததால் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டோம் என்று ஏழு வரியில் எழுதியிருந்தார்கள். அடுத்த இருபது நிமிடத்தில் நான் ஒரு பதில் தட்டினேன். "தெரியாமல் ஏதாவது நடந்திருந்தால் மன்னிக்கவும், உடனே மாற்றிவிடுகிறோம்." நம் ஊரில் இது மரியாதை. பேருந்தில் யார் கால் நம் காலில் பட்டாலும் நாம்தான் முதலில் மன்னிப்புக் கேட்போம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலின் கோப்பில் அது ஒப்புதல் வாக்குமூலமாகப் போய் உட்காரும். நல்லவேளை, அனுப்பும் முன் என் கூட்டாளி லேப்டாப்பை மூடிவிட்டார். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் கற்றதையும், அப்புறம் மற்ற டெவலப்பர்களுக்கு உதவியபோது தெரிந்துகொண்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை.

முதல் இரவு

பதில் எழுதாதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம். புகாரில் சொல்லப்பட்ட படத்தையோ ஒலியையோ பயத்தில் ரெப்போவிலிருந்து (கேமின் கோப்புகளைச் சேமிக்கும் இடம்) நீக்கினால், பிற்பாடு அது ஆதாரத்தை மறைத்ததாகத் தெரியும். அதற்குப் பதில், கேமின் இன்றைய நிலையை ஒரு டேக், அதாவது பெயர் அடையாளம், போட்டு அப்படியே வையுங்கள். மெயிலை ஹெட்டரோடு (யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று காட்டும் பகுதி) சேர்த்துச் சேமியுங்கள். ஸ்டோர் பக்கம், டவுன்லோடு எண்ணிக்கை, அதுவரை வந்த பணம் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டிஸ்கார்டிலோ எக்ஸிலோ புலம்பி எழுத வேண்டாம். எதிர்த்தரப்பு முதலில் தேடிப் படிப்பது அதைத்தான்.

அப்புறம் ஒரு தாளில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள்: கடிதம் நம் கைக்கு வந்த நாள், அது கேட்கும் கடைசி நாள்.

இது யாருடைய காகிதம்?

தம்புச் செட்டித் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வக்கீல் மேடத்தைப் பார்த்தோம். நான் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். மேடம் கை காட்டி நிறுத்தினார். "தம்பி, கதை அப்புறம். இது கடைக்காரன் பேப்பரா, வக்கீல் பேப்பரா, கோர்ட் பேப்பரா? முதல்ல அதைச் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி பயமுறுத்தும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பலம் வேறு. ஸ்டோரின் மெயில் உங்கள் கேமை இன்றே எடுத்துவிடும், ஆனால் நீங்கள் தவறு செய்தீர்கள் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. வக்கீல் கடிதம் ஒரு தரப்பின் வாதம் மட்டுமே, எடுத்த எடுப்பில் அதனால் உங்களை எதுவும் செய்ய முடியாது. நீதிமன்ற சம்மனுக்கு மட்டும்தான் சட்டப்படி ஓடும் கெடு உண்டு.

அந்தக் காகிதம் எந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறது என்பது அடுத்த கேள்வி. தமிழில் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. செய்தித்தாள்களில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைப் பதிப்புரிமைக்கும் போடுகிறார்கள், பேட்டன்ட்டுக்கும் போடுகிறார்கள். உங்கள் படம், இசை, புரோகிராம் கோட் பற்றியது பதிப்புரிமை. கேமின் பெயரும் லோகோவும் டிரேட்மார்க். விளையாட்டு இயங்கும் முறையை ஒருவர் பதிவு செய்து வைத்திருந்தால் அது பேட்டன்ட். மூன்றுக்கும் பதில் சொல்லும் விதம் வேறு, செலவும் வேறு.

கடைக்காரர் காகிதம்

புதியவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். இதன் பின்னால் இருப்பது 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். புகார் வந்ததும் ஸ்டோர் சரக்கை எடுத்துவிட்டால், அந்தப் புகாரில் ஸ்டோர் மீது பொறுப்பு வராது. அதனால்தான் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிடுகிறார்கள். அது அவர்களின் தற்காப்பு.

புகார் தவறு என்றால் நாம் எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். அது போன பிறகு புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் ஸ்டோர் கேமைத் திரும்ப வைக்க வேண்டும். இணையத்தில் பலர் "கவுன்ட்டர் போட்டுடுங்க ப்ரோ" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் படிவத்தை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். "தவறுதலாகவோ, வேறொன்று என்று தவறாக அடையாளம் கண்டதாலோ எடுக்கப்பட்டது" என்று பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதி சொல்கிறோம். அதோடு, நாம் வெளிநாட்டில் இருந்தால், அந்த ஸ்டோர் இருக்கும் பகுதியின் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்ற அதிகாரத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்றும் எழுதிக் கொடுக்கிறோம்.

இந்த இரண்டாவது வாக்கியத்தின் கனம் எனக்கு மேடம் சொன்ன பிறகுதான் புரிந்தது. 1914-இல் ராமநாதன் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு ஒருவர் மீது எப்போதெல்லாம் அதிகாரம் உண்டு என்று பட்டியல் போட்டது. அதில் ஒன்று, அவரே அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட ஒப்பந்தம் செய்திருப்பது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அமெரிக்க கோர்ட்டுக்கு என் மேல் என்ன அதிகாரம்?" என்று பிறகு வாதாடுவது ரொம்பவே கடினம். அதனால் எதிர் நோட்டீஸ் நல்ல ஆயுதம்தான், ஆனால் ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

டெட்ரிஸ் போன்ற 'மினோ' என்ற ஐபோன் கேம் இதற்குச் சரியான பாடம். புகார் வந்தது, டெவலப்பர் நிறுவனம் எதிர் நோட்டீஸ் கொடுத்தது, 2009 டிசம்பரில் டெட்ரிஸ் தரப்பு நியூ ஜெர்சியில் வழக்குப் போட்டது. விதிகள் யாருக்கும் சொந்தமல்ல என்ற வாதத்தை 2012 தீர்ப்பு மறுக்கவில்லை. மேலிருந்து விழும் கட்டைகளை வரிசையாக அடுக்கும் யோசனை பொதுச்சொத்து. ஆனால் கட்டைகளின் தோற்றம், 20க்கு 10 என்ற பலகை அளவு, அடுத்த கட்டையைக் காட்டும் விதம் என்று வெளிப்பாட்டையும் அப்படியே எடுத்ததால் மினோ தோற்றது. ஆக, புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்னொருவரின் திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால்தான் சிக்கல்.

எங்கள் விஷயத்தில் எதிர் நோட்டீஸ் வரை போகவே இல்லை. புகார், கேமில் இருந்த ஒரு ஐந்துமுகக் குத்துவிளக்குப் படத்தைப் பற்றியது. வரைந்தவர் கும்பகோணத்துத் தம்பி ஒருவர். அவரிடம் லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடாத மூல ஃபைல் இருந்தது, மொத்தம் 41 லேயர். அதைவிட முக்கியம், அவர் பார்த்து வரைந்த விளக்கின் போட்டோ தேதியோடு அவர் போனில் இருந்தது. பாட்டி வீட்டு விளக்கு, ஐந்து முகங்களில் ஒன்று நசுங்கியிருக்கும். கேமில் உள்ள விளக்கிலும் அதே முகம், அதே பக்கமாக நசுங்கியிருந்தது. மேடம் ஒரு பக்கக் கடிதம் எழுதி, இவற்றையெல்லாம் இணைத்துப் புகார் கொடுத்தவர்களுக்கு அனுப்பினார். பத்தொன்பதாம் நாள் புகாரை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் வரலட்சுமி விரதம் போய்விட்டது. வருடத்தில் எங்கள் கேமை அதிகம் பேர் இறக்கும் வாரம் அது.

வக்கீல் காகிதம்

'பத்து நாளில் கேமை எடு, இழப்பீடு கொடு, இந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடு' என்ற வகைக் கடிதம் இது. அந்தப் பத்து நாள் கெடுவை வைத்தது அவர்கள்தான், சட்டம் இல்லை. அதற்காகக் கெடு தாண்டியும் பேசாமல் இருக்காதீர்கள். "கடிதம் கிடைத்தது, எங்கள் வக்கீலோடு ஆலோசித்து இந்தத் தேதிக்குள் பதில் தருகிறோம்" என்று ஒரு வரி போதும். ஜெர்மனியிலிருந்து வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே 'அப்மானுங்' என்ற கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிய உறுதிமொழிப் பத்திரமும் அவர்கள் வக்கீலின் பில்லும் சேர்ந்தே வரும். பத்திரத்தில் போட்ட கையெழுத்து வருடக்கணக்கில் உங்களைக் கட்டிப்போடும். அவர்கள் எழுதிய வாசகத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயர்த் தகராறில் பயந்து உடனே பெயரை மாற்ற வேண்டும் என்பதில்லை. 'எட்ஜ்' என்ற பெயரில் பாரிஸைச் சேர்ந்த மொபிகேம் என்ற சின்ன ஸ்டுடியோ வெளியிட்ட கேம், அந்தப் பெயர் தன்னுடையது என்று ஒருவர் கொடுத்த புகாரால் 2009-இல் ஆப் ஸ்டோரிலிருந்து போனது. அதே உரிமையைக் காட்டி அவர் இன்னொரு பெரிய நிறுவனத்தோடும் மோதியபோது, 2010-இல் கலிபோர்னியா நீதிபதி அந்த டிரேட்மார்க்குகள் பெறப்பட்ட விதத்தையே சந்தேகித்தார். பிறகு அவை ரத்தாயின. ஒருவர் கையில் பதிவுச் சான்றிதழ் இருப்பதாலேயே அவர் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

மிரட்டல் முற்றிலும் ஆதாரமற்றது என்றால் நம் சட்டத்திலும் ஒரு வழி உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, டிரேட்மார்க் சட்டத்தின் 142-ஆம் பிரிவு, பேட்டன்ட் சட்டத்தின் 106-ஆம் பிரிவு மூன்றும், அடிப்படையற்ற சட்ட மிரட்டலுக்கு எதிராக நாமே நீதிமன்றம் போக இடம் தருகின்றன. 2023 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. பதில் கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே எதிர்த்தரப்பின் தொனி மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டன்ட் கடிதம் என்றால் எந்த நாட்டுப் பேட்டன்ட் என்று முதலில் பாருங்கள். ஜப்பானில் பதிவானது ஜப்பானுக்குள்தான் செல்லும். 2024 செப்டம்பரில் 'பால்வேர்ல்ட்' என்ற கேமைச் செய்த பாக்கெட்பேர் நிறுவனத்தின் மீது நிண்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் டோக்கியோவில் வழக்குப் போட்டன. கேட்ட இழப்பீடு ஆளுக்கு 50 லட்சம் யென்தான். கூடவே கேட்ட தடையுத்தரவில்தான் உண்மையான அழுத்தம் இருந்தது. பாக்கெட்பேர் வழக்கை எதிர்த்துக்கொண்டே, கேமில் வரும் விலங்குகளை அழைக்கும் முறையையும் காற்றில் சறுக்கிப் போகும் முறையையும் அப்டேட்டில் மாற்றிவிட்டது. வழக்கில் நியாயம் நம் பக்கம் என்று நம்பினாலும், கேம் விற்பனை நிற்காமல் இருக்க இப்படி மாற்றுவது தோல்வி இல்லை.

கோர்ட் காகிதம்

அமெரிக்க ஃபெடரல் வழக்கில் சம்மன் முறைப்படி கையில் கொடுக்கப்பட்டால் 21 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். 'முறைப்படி' என்பதற்கு இங்கே பெரிய அர்த்தம் உண்டு. சம்மன் அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கை 2007 முதல் இந்தியாவில் அமலில் இருக்கிறது. அதன்படி அது டெல்லியில் சட்ட அமைச்சகம் வழியாக வர வேண்டும், தபாலில் நேரடியாக அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை. ஆனால் இதை நம்பிக் கூரியரைக் கிழித்துப் போட வேண்டாம். 2013-இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம், இந்தியாவில் இருந்த பிரதிவாதிகளுக்கு வழக்கு ஆவணங்களை மின்னஞ்சலிலும் ஃபேஸ்புக்கிலும் அனுப்ப அனுமதித்திருக்கிறது.

சில நேரம் சம்மனுக்குப் பதில், "முறைப்படி அனுப்புவதை விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று ஒரு படிவம் வரும். வெளிநாட்டில் இருப்பவர் அதில் கையெழுத்திட்டால் பதில் சொல்ல 90 நாள் கிடைக்கும். அதிகார வரம்பு பற்றிய ஆட்சேபம் இதனால் போகாது. நேரம் வேண்டும் என்றால் நல்ல பேரம்தான், உங்கள் வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் முதல் பதில் மனுவிலேயே அதிகார வரம்பை ஆட்சேபிக்காவிட்டால் அந்த வாதம் ஒரேயடியாகப் போய்விடும்.

"போகாமலே இருந்தால் என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேர்மையாகச் சொல்கிறேன். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நாம் இல்லாமலே கொடுக்கும் தீர்ப்பு, வரும். அமெரிக்கத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது, அதை வைத்து இந்தியாவில் மூன்று வருடத்துக்குள் புது வழக்குப் போட வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, வழக்கின் சாரத்தை ஆராயாமல் கொடுத்த தீர்ப்பையோ இயற்கை நீதிக்கு முரணான தீர்ப்பையோ நம் நீதிமன்றம் ஏற்காது. இதுவரை கேட்டால் நிம்மதியாக இருக்கும். ஆனால் உங்கள் பணம் எங்கே இருக்கிறது? மாதாமாதம் விற்பனைத் தொகை முதலில் சேர்வது அமெரிக்க நிறுவனத்தின் கையில். அங்கே வாங்கிய உத்தரவை அந்த ஸ்டோரிடம் காட்டினால் போதும், வேளச்சேரிக்கு யாரும் வர வேண்டியதே இல்லை. கேமும் போகும், வர வேண்டிய தொகையும் நிற்கும். சென்னையில் இருக்கிறோம் என்பது பாதி பாதுகாப்புதான்.

அந்தப் பாதியும் எல்லா நாட்டுக்கும் இல்லை. பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்றவை அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டவை. அந்த அறிவிப்பில் உள்ள நீதிமன்றங்களின் பணத் தீர்ப்பை, நம் ஊர்த் தீர்ப்பைப் போலவே இங்கே நிறைவேற்றக் கேட்கலாம். பப்ளிஷர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'தகராறு வந்தால் சிங்கப்பூர்' என்ற வரியை இனிமேல் இந்தக் கண்ணோடு படியுங்கள். 'ஆர்பிட்ரேஷன்' (கோர்ட்டுக்குப் பதில் தனி நடுவர் தீர்ப்பது) என்று இருந்தால் இன்னும் கவனம். 1958 நியூயார்க் உடன்படிக்கையால் வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் முடிவுகளை இங்கே அமல்படுத்துவது, அமெரிக்க கோர்ட் தீர்ப்பை அமல்படுத்துவதைவிடச் சுலபம். சென்னையையே இடமாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் விசாரணை காணொளியில் நடக்கலாம் என்ற ஒரு வரியையாவது வாங்குங்கள்.

வக்கீல் தேடும்போது

சென்னை வக்கீல் அமெரிக்க நீதிமன்றத்தில் உங்களுக்காக ஆஜராக முடியாது. அமெரிக்க வக்கீலுக்கு நம் சட்டம் தெரியாது. கோர்ட் காகிதம் என்றால் இருவரும் வேண்டும். முதல் இரண்டு வகைக்குப் பெரும்பாலும் இங்குள்ள அறிவுசார் சொத்து வக்கீலே போதும். வெளிநாட்டு வக்கீல் மணிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்பார், அதனால் 'இந்தக் கடிதத்தைப் படித்து ஒரு பக்க அபிப்பிராயம், மொத்தமாக இவ்வளவு' என்று பேசுங்கள். போகும் முன் தேதிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். எங்கள் மேடம் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்தது என்றார். இன்னொன்று, அமெரிக்காவில் பொதுவாக ஜெயித்தாலும் நம் வக்கீல் செலவு நம்முடையதுதான். சமரசம் பேசும்போது இதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வழக்குப் போடுவது போட்டியாளர்கள் மட்டுமல்ல, அரசுகளும்தான். 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேர்த்தால் அமெரிக்காவின் கோப்பா சட்டம் பாயும். 'கென்ஷின் இம்பாக்ட்' வெளியிடும் சிங்கப்பூர் நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2 கோடி டாலருக்கு இப்படித்தான் சமரசம் செய்தது. வயது மதிப்பீடு இல்லாத கேம்களை 2024 நவம்பர் 15 முதல் ஸ்டீம் என்ற கேம் ஸ்டோர் ஜெர்மனியில் காட்டுவதில்லை. வயது மதிப்பீட்டுக்காக ஸ்டீம் தரும் கேள்விப் படிவத்தை அவசரத்தில் நிரப்பாமல் உட்கார்ந்து நிரப்புங்கள்.

நோட்டீஸ் வருவதற்கு முன்பே

பெயர் வைக்கும் முன் இந்திய, அமெரிக்க, ஐரோப்பிய டிரேட்மார்க் தளங்களில் 9 (மென்பொருள்), 41 (பொழுதுபோக்கு) ஆகிய வகுப்புகளில் தேடுங்கள், எல்லாம் இலவசம். வாங்கிய ஒவ்வொரு அசெட்டின் (படம், ஒலி, எழுத்துரு) உரிமப் பக்கத்தையும் வாங்கிய அன்றே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். தமிழ் எழுத்துருக்களில் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். நோட்டோ சான்ஸ் தமிழ், பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் இருப்பதால் கேமுக்குள் தைரியமாக வைக்கலாம். தியாகராஜர் 1847-இல் மறைந்தார், கிருதி எல்லோருக்கும் சொந்தம். ஆனால் யாரோ வாசித்த நாதஸ்வர ஒலிப்பதிவு அவர்களுடையது. நீங்களே ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஃப்ரீலான்சர் ஒப்பந்தம். எங்களைத் தூங்கவிடாமல் செய்தது உண்மையில் இதுதான். விளக்கு வரைந்த தம்பிக்கு ஜிபேயில் பணம் போட்டிருந்தோம், ஒரு தாள்கூட இல்லை. பணம் கொடுத்ததாலேயே படம் நமதாகிவிடும் என்று நம்பி இருக்க முடியாது, எழுத்தில் கையெழுத்தோடு மாற்றி வாங்குவதுதான் பாதுகாப்பு. எழுதினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உலகம் முழுக்க விற்கும் கேமுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பாருங்கள். 'உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை திரும்பாது' என்று மூன்று வாசகங்களும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கேம் திரும்ப வந்த வாரம் நான் கும்பகோணம் போய் அந்தத் தம்பியிடம் ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். பாட்டி விளக்கு கூடத்தில் இருந்தது. அவர் முழுவதும் படித்துவிட்டு, "என் பேரு கிரெடிட்ஸ்ல இருக்கும்ல அண்ணா?" என்று கேட்டார். உரிமையை விற்ற பிறகும் வரைந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு, 57-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. அதையும் நான்காவது வாசகமாக அங்கேயே பேனாவால் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.